தோன்றா எழுவாய்

செவ்வாய்க்கிழமை காலை சரியாக 9 மணிக்குக் கணினிக்குள் ஒரு குறிப்பு கண் விழித்தது: "அவரிடம் விலை பற்றிக் கேட்கவும்."

நான்கு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, நான் சொல்லி வைத்த வேலை அது. எங்கள் குடியிருப்பில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் காயில் எரிந்துபோய், இரண்டாவது மோட்டாரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். புதிதாகக் காயில் கட்ட எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சொல்வதாக மெக்கானிக் சொல்லியிருந்தார். "செவ்வாய்க்கிழமை காலைல அவர்கிட்ட விலை கேட்கணும், ஞாபகப்படுத்து" என்று ஏஐ ஏஜென்ட்டிடம் தட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். அது தன்னிடமிருந்த ரிமைண்டர் கருவியை எடுத்து, நாளையும் நேரத்தையும் பிசகாமல் போட்டு, மேலே சொன்ன ஒரு வரியை எழுதி வைத்தது.

செவ்வாய்க்கிழமை அதே ஏஜென்ட் தன் வரியைத் தானே படித்தது. இடையில் ஞாயிற்றுக்கிழமை, பழைய ஃபிரிட்ஜை வாங்க வந்த ஒருவருக்கு ஏஜென்ட்டை வைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஏஜென்ட் தேடிப் பார்த்த அஞ்சல்களில் "அவர்" என்பதற்குப் பொருந்துகிறவர் அந்த ஃபிரிட்ஜ்காரர்தான். "விலை"யும் பொருந்தியது. முடிவாக எவ்வளவு தருகிறீர்கள் என்று அவரைப் பணிவாகக் கேட்கும் செய்தியைத் தயாரித்துவிட்டு, அனுப்பலாமா என்று என் அனுமதிக்குக் காத்திருந்தது.

அந்த ரிமைண்டர் கருவிக்கு விளக்க ஆவணம் எழுதும் பொறுப்பு அப்போது என் கையில் இருந்தது. தவறு எங்கே என்று தேடிப் போனவன் என் ஆவணத்திலேயே போய் நின்றேன். அங்கிருந்து தொடங்கிய வியப்பு இன்னும் அடங்கவில்லை.

ஏஜென்ட் என்று இங்கே சொல்வது, கேள்விக்குப் பதில் எழுதுவதோடு நிற்காமல் கருவிகளைக் கையிலெடுத்து வேலையையும் செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவை. அஞ்சலில் தேடும், கணக்குப் பார்க்கும், படிவம் நிரப்பும். அதன் மூளையாக இருக்கும் மொழி மாடலுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒரு பதிலை எழுதி முடித்த கணத்தோடு அதற்கு எல்லாம் முடிந்தது. நாம் அடுத்த வரியைத் தட்டும்போது, அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் மறுபடி அதன் முன் வைக்கப்படுகிறது. அந்த முழுப் பேச்சையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் அது அடுத்த சொல்லைத் தேடுகிறது. நமக்கு அது விட்ட இடத்திலிருந்து தொடரும் பேச்சு. அதற்கு ஒவ்வொரு தடவையும் முதல் சந்திப்பு.

நான் ஒரு வரி தட்டுகிறேன், காபி குடித்துவிட்டு வந்து அடுத்த வரியைத் தட்டுகிறேன். அல்லது மூன்று மாதம் கழித்து வந்து தட்டுகிறேன். யாராவது நேரத்தைக் குறித்துக் கொடுத்தாலொழிய இரண்டுக்கும் மாடலால் வித்தியாசம் காண முடியாது. வரிகளுக்கு நடுவே அது உறங்குவதில்லை, காத்திருப்பதுமில்லை. அந்த இடைவெளியில் அது இல்லவே இல்லை. உள்ளே கடிகாரம் கிடையாது. இன்று என்ன தேதி என்பதைக்கூட வெளியிலிருந்து ஒரு வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரே மூச்சில் அது படிக்கக்கூடிய அளவு வேகமாகப் பெருகிவருவது உண்மைதான். மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கிப் படிக்கின்றன. தமிழை ஆங்கிலத்தைவிடப் பொடியாகவே நறுக்குகின்றன. 2020இல் வந்த ஜிபிடி-3 ஒரே சமயத்தில் 2,048 டோக்கன்களைப் பார்த்தது. 2024இல் ஜெமினி 1.5 பத்து லட்சம் டோக்கன்களைத் தொட்டது. ஆனால் மேசை எவ்வளவு அகலமானாலும் அது மேசைதான். நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை நன்றாகப் பிடிக்கும் மாடல்கள், நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லாவற்றையும் படிக்கிற மாடலாகவே இருக்கட்டும். செவ்வாய் காலை 9 மணிக்கு "எழுந்திரு" என்று அதை எழுப்புவது யார்?

அதை எழுப்புவது வெளியே இருக்கும் ஒரு சிறிய நிரல். மாடலோடு ஒப்பிட்டால் மிக எளிமையானது, வயதிலும் மிக மூத்தது. 1979இல் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் கிரான் என்ற நிரல் இருந்தது. காலத்தைக் குறிக்கும் குரோனோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்து, பட்டியலைப் பார்த்து, இந்த நிமிடத்துக்கு உரிய வேலை இருந்தால் செய்துவிட்டு மறுபடி உறங்கப் போகும். இன்றைக்கும் உலகின் சர்வர்களில் எண்ணற்ற வேலைகளைத் தொடங்கி வைப்பது கிரானும் அதன் வாரிசுகளும்தான்.

பட்டியலில் நூறு வேலை இருந்தால் நிமிடத்துக்கு ஒரு தடவை முழுவதையும் பார்த்துவிடலாம். ஒரு கோடி ரிமைண்டர் இருந்தால்? 1987இல் ஜார்ஜ் வர்கீஸும் அந்தோணி லாக்கும் சொன்ன வழியைக் கேட்டபோது, ஒரு குழந்தைகூட இதைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று தோன்றியது. அதன் அழகே அதுதான். ஒரு வட்டத்தில் 60 அறைகள், விநாடிக்கு ஓர் அறையாக நகரும் முள். அடுத்த 60 விநாடிக்குள் ஒலிக்க வேண்டியவை அந்த அறைகளில் கிடக்கும். அதற்கு அப்பால் உள்ளவை நிமிட வட்டத்தில், அதற்கும் அப்பால் உள்ளவை மணி வட்டத்தில். நிமிட வட்டத்தின் முள் ஓர் அறைக்கு வந்தால் அங்கே கிடப்பவை விநாடி வட்டத்துக்கு இறங்கிப் பிரியும். முழுப் பட்டியலையும் யாரும் புரட்ட வேண்டாம், முள் நிற்கும் அறையை மட்டும் பார்த்தால் போதும். லினக்ஸின் உள்ளேயும் இந்தச் சக்கரத்தின் ஒரு வடிவம் சுழல்கிறது.

எழுப்பிவிடுவதோடு இந்த நிரலின் கடமை முடிந்தது. எழுந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அது குறிப்பில்தான் இருக்கிறது.

என் பாட்டி ஏதாவது மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாள். மாலையில் முடிச்சு கையில் தட்டுப்படும், "எதுக்குப் போட்டேன்?" என்று யோசித்து நிற்பாள். பெரும்பாலும் நினைவு வந்துவிடும், ஏனென்றால் காலையில் முடிச்சுப் போட்டவளும் மாலையில் தொட்டுப் பார்ப்பவளும் ஒருத்திதான். ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டுமே முடிச்சு சொல்லும், மீதி அவளிடமே இருந்தது. என் ஏஜென்ட் எழுதி வைத்த வரி அப்படியொரு முடிச்சு. அவிழ்க்க வந்த கைக்குத்தான் போட்ட கையின் நினைவு இல்லை.

இப்போது ஆவணத்துக்கு வருகிறேன். வாஷிங் மெஷினோடு வரும் கையேட்டை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை பிரியாமலே அலமாரியில் கிடக்கும். கையேட்டைப் படிக்காவிட்டாலும் துணி துவைந்துவிடும், பொத்தான்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஏஜென்ட்டுக்குப் பொத்தான் எதுவும் தெரியாது. ஒரு கருவியைப் பற்றி அதற்குக் கிடைப்பது மூன்றே மூன்று: கருவியின் பெயர், அதை விளக்கும் சில வரிகள், நிரப்ப வேண்டிய கட்டங்களின் பட்டியல். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது ஏற்பாடும் கருவிகளை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறது. வேலை தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வரிகள் மாடலின் முன் வைக்கப்படுகின்றன. நேற்று படித்தது நினைவில்லை அல்லவா, இன்றைக்கும் முதலிலிருந்து படித்தாக வேண்டும். ஆவணம் எழுதுகிறவருக்கு இப்படியொரு வாசகர் இதற்கு முன் வாய்த்ததில்லை. ஒரு சொல் விடாமல் படிக்கும், ஒவ்வொரு நாளும் படிக்கும், படித்ததைத் தவிர வேறெதுவும் தெரியாது.

நான் முதலில் எழுதியிருந்த விளக்கம் இது: "ரிமைண்டர்களை உருவாக்கவும் திருத்தவும் நீக்கவும் உதவும் கருவி." இலக்கணப் பிழை இல்லை, பொய்யும் இல்லை. படிக்கிறவர் மனிதரானால் இது போதும். குறிப்பை எப்படி எழுதுவது என்று மனிதருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமே.

மாற்றி எழுதியது இது: "நீ எழுதும் குறிப்பைப் படிக்கப்போவதும் நீதான். ஆனால் இந்த உரையாடலில் ஒரு வரிகூட அப்போது உன்னிடம் இருக்காது. யார், யாரிடம், எதை, எதற்காக என்பதைப் பெயரோடு எழுது. அவர், அது, அங்கே, அன்றைக்கு போன்ற சொற்களைத் தனியாக விடாதே. என்ன நடந்துவிட்டால் இந்த வேலை தேவையில்லை என்பதையும் சேர்த்து எழுது."

நிரலில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. அதே வெள்ளிக்கிழமை வாக்கியத்தை, அதற்கு முந்தைய பேச்சோடு சேர்த்து மறுபடி ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். இந்தத் தடவை அது எழுதி வைத்தது: "குடியிருப்பின் தண்ணீர் மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்ட எவ்வளவு ஆகும் என்று மோட்டார் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். விசாரித்துச் சொல்வதாக வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தார். திங்கள் இரவுக்குள் அவரே சொல்லிவிட்டால் கேட்கத் தேவையில்லை."

திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதிய வரிகள் வாசகரின் நடத்தையை மாற்ற வேண்டும் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படுகிறோம். மாறியதா என்று பெரும்பாலும் தெரியவே தெரியாது. இங்கே ஒரு நிமிடத்தில் கண்முன் தெரிந்தது.

பள்ளியில் தோன்றா எழுவாய் படித்திருப்போம். "படித்தாயா?" என்றால் "நீ" மறைந்து நிற்கிறது. தமிழ் இதில் தாராளமான மொழி. எழுவாய் மறையும், செயப்படுபொருளும் மறையும். "சொல்லியாச்சா?", "கேட்டுட்டு வந்துடு", "அதை முடிச்சுடு". முகம் பார்த்துப் பேசும்போது மீதியை இடம் சொல்லிவிடும், பார்வை சொல்லிவிடும். ஒரு காலத்தில் எத்தனையோ வீடுகளில் "அவர்" என்றாலே கணவர்தான். தெருவில் யாரும் எந்த அவர் என்று கேட்டதில்லை. இந்தச் சுருக்கம் நம் பேச்சின் அழகு, ஒருவரோடொருவர் எவ்வளவு பகிர்ந்திருக்கிறோம் என்பதன் அடையாளம். எதையும் பகிராத ஒன்றிடம் அதே சுருக்கத்தோடு பேசினால், மறைந்து நிற்கும் எழுவாயை அது ஊகிக்கும். ஊகித்தது தவறானாலும் அதன் குரலில் தயக்கம் தெரியாது. ஃபிரிட்ஜ்காரருக்குச் செய்தி தயாரானது அப்படித்தான்.

எழுவாய்க்கு அடுத்தபடி என்னை அதிகம் திணற வைத்தது நேரம். இரவு 12.40க்கு ஒருவர் "நாளைக்குக் காலைல 6 மணிக்கு எழுப்பு" என்கிறார். காலண்டர்படி புதிய நாள் பிறந்து 40 நிமிடம் ஆகிவிட்டது. அவருக்கோ இன்னும் நேற்றைய இரவு முடியவில்லை. அவர் கேட்பது இன்னும் 5 மணி 20 நிமிடத்தில் வரப்போகும் 6 மணி. ஏஜென்ட் காலண்டரைப் பார்த்து அடுத்த நாளுக்குப் போட்டுவிட்டால் வண்டி போய்விடும். நம் மரபில் நாள் சூரியன் உதிக்கும்போதுதான் மாறுகிறது. 00.20க்குப் புறப்படும் ரயிலுக்கு ஒரு நாள் தாமதமாக ஸ்டேஷன் போய் நின்றவர்கள் எத்தனை பேர்! அதனால் ஆவணத்தில் இதற்கென்றே ஒரு வரி சேர்த்தேன்: நள்ளிரவு முதல் விடியற்காலை 4 மணி வரை யாராவது "நாளை" என்றால் எந்தக் கிழமை என்று கேட்டு உறுதி செய்துகொள்.

ஊரும் சேர்ந்துகொண்டால் சிக்கல் இரட்டிப்பாகும். நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்கு ஞாயிறுதோறும் அவள் ஊர் நேரப்படி காலை 10.30க்குப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் அது நமக்கு இரவு 8 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அப்போதிலிருந்து நமக்கு இரவு 9 மணி. ரிமைண்டரை வெறும் "இரவு 8" என்று போட்டு வைத்தால் குளிர்காலம் முழுக்க மகளின் 9.30 மணித் தூக்கத்தைக் கலைக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு இன்னும் விநோதம். அங்கே அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3க்குத் தாவுகிறது. அன்றைக்கு 2.30 என்ற நேரமே கிடையாது. 2.30க்கு வைத்த ரிமைண்டர் எப்போது ஒலிக்கும்? பசிபிக் தீவு நாடான சமோவா 2011இல் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 29க்கு அடுத்த நாள் 31. அந்த வெள்ளிக்கிழமை அந்த நாட்டுக்கு வரவே இல்லை.

இந்தக் குழப்பங்களையெல்லாம் சேர்த்துத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது. உலகின் நேர விதிகளை ஊர்ப் பெயரில் பதிந்து வைத்திருக்கும் அதைத்தான் நம் போன்களும் சர்வர்களும் பார்க்கின்றன. இந்தியா முழுவதற்கும் அதில் ஒரே பெயர், ஆசியா/கொல்கத்தா. அந்தப் பெயருக்குக் கீழே பழைய வரிகளைப் படித்துக்கொண்டே போனால் மெட்ராஸ் நேரம் வரும்: கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால், 1906 ஜனவரி 1 வரை. இன்றைய 5.30 பிறப்பதற்கு முன்பு ரயில்கள் நம்பி ஓடிய அந்த நேரம் ஒரு கணினிப் பட்டியலுக்குள் இன்னும் விநாடி பிசகாமல் இருப்பதைக் கண்டு நெகிழ்ந்துபோனேன். ஆவணத்தில் எழுதியது: நேரத்தை ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுது, எண்ணை மட்டும் எழுதாதே.

இன்னொரு சிக்கல் எந்த ஆவணத்தாலும் முழுக்கத் தீராதது. ரிமைண்டர் போய்ச் சேர்ந்ததா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஏஜென்ட் "கிடைத்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால்? பள்ளத்தாக்கில் எதிரி இருக்க, இரண்டு மலைகளில் நிற்கும் இரண்டு தளபதிகள் தூதர் மூலம் தாக்கும் நேரத்தை முடிவு செய்யப் பார்க்கும் கதையாக இதைச் சொல்வார்கள். தூதர் பிடிபடலாம் என்ற நிலையில் எத்தனை தூதரை அனுப்பினாலும் இருவருக்கும் முழு உறுதி கிடைக்காது என்பது 1970களிலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சில குறிப்புகள் வராமலே போகலாம், அல்லது சில இரண்டு தடவை வரலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். ஒவ்வொரு ரிமைண்டருக்கும் ஓர் எண் கொடுத்து, "இதே எண்ணை ஏற்கெனவே முடித்திருந்தால் மறுபடி செய்யாதே" என்று எழுதினோம். வாடகைப் பணம் இரண்டு தடவை போய்விடக் கூடாதே.

குறிப்பை யார் சொல்லி எழுதியது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். ஏஜென்ட் இணையத்தில் படிக்கும் ஏதோ ஒரு பக்கம், "இதை ஞாபகம் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை செய்" என்று அதன் காதில் ஓதிவிடலாம். வெள்ளிக்கிழமை எழும் ஏஜென்ட் அதைத் தன் கையெழுத்து என்றே நம்பும்.

குறித்த நேரத்தில் ஒன்றை நினைவுகூர்வதில் மனிதர்களும் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்லர். செய்ய வேண்டியதை உரிய வேளையில் நினைப்பதை உளவியலில் வருங்கால நினைவு என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற இருவர் (இந்த ஐன்ஸ்டைன் இயற்பியல் ஐன்ஸ்டைன் அல்லர்) 1990இல் அதை மேலும் இரண்டாகப் பிரித்தார்கள். மருந்துக்கடையைப் பார்த்ததும் மாத்திரை நினைவுக்கு வருவது ஒன்று, 4 மணிக்கு மாத்திரை போட வேண்டும் என்று நினைவு வருவது மற்றொன்று. முன்னதற்குக் கடைப் பலகை துணை நிற்கிறது. பின்னதற்குத் துணை யாருமில்லை, தானாகவே எழ வேண்டும்.

2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 25 ஏஜென்ட்டுகளை ஒரு கற்பனைச் சிற்றூரில் குடிவைத்தார்கள். தன் காபிக்கடையில் காதலர் தின விருந்து வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவற்றில் ஒன்றுக்கு அவர்களே கொடுத்திருந்தார்கள். செய்தி வாய்மொழியாகப் பரவி 12 பேருக்கு அழைப்பு போனது. வந்தவர்கள் 5 பேர். வராத 7 பேரையும் விசாரித்தார்கள். 3 பேருக்கு வேறு வேலை. மீதி 4 பேருக்கு வர ஆசை இருந்தது, ஆனால் அன்றைய திட்டத்தில் விருந்தைச் சேர்க்கவே இல்லை. அந்த நால்வரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரிவு வருகிறது. ஆசை இருந்தது, தகவலும் இருந்தது. மாலை 5 மணிக்கு எழுப்பிவிட ஒரு வரி மட்டும் இல்லை.

ரிமைண்டர் கருவியின் விளக்கத்தை மாற்றிச் சில வாரம் கழித்து, தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவர்களிடம் நாள் கேட்கும் வேலையை ஏஜென்ட்டிடம் விட்டேன். வியாழன் காலை 9 மணிக்கு எழுப்பும்படி குறிப்பு: "குடியிருப்பின் மேல்தொட்டி கழுவ எந்த நாள் வருவார்கள் என்று தொட்டி கழுவுகிறவர்களிடம் கேட்க வேண்டும். புதன் இரவுக்குள் அவர்களே நாள் சொல்லிவிட்டால் ரத்து செய்."

வியாழன் முழுக்க என் போன் ஒலிக்கவில்லை. மாலையில் சந்தேகப்பட்டு ஏஜென்ட்டின் பதிவைத் திறந்து பார்த்தேன். 9.00: குறிப்பு வந்தது. 9.00: அஞ்சலில் தேடியதில் புதன் மாலை 6.40க்கு வந்த பதில் இருக்கிறது, சனிக்கிழமை காலை வருகிறார்கள். 9.01: ரத்து.